விலை முடியுமுன் ஊற்றிய தேநீர்

எண்பத்தாறாம் ஆண்டு கார்த்திகை மாதத்தில், ஒரு திங்கட்கிழமை காலை ஒன்பதேகாலுக்கு எல்லாம் பிழையாகப் போகத் தொடங்கியது. நேரம் எனக்குத் திட்டமாகத் தெரியும். இரண்டு நாளாக விடாத மழையாலும் வழி அடைபடும் என்று ஊரில் பரவியிருந்த கதைகளாலும் பிள்ளைகள் வராமல் நான் படிப்பித்த பள்ளிக்கூடம் வெறுமையாகக் கிடந்தது. கையெழுத்து வைத்துவிட்டு வேலணைத் தீவில் இருந்த எங்கள் வீட்டுக்குத் திரும்பி, நனைந்த குடையை விறாந்தையில் விரித்து வைத்தபோது சுவர் மணிக்கூடு ஒன்பது அடித்தது. அதற்குப் பிறகு அடுப்பில் ஒரு கேத்தில் தண்ணீர் கொதிக்கிற நேரம்தான். ஒன்பதேகாலுக்கு நான் தரகருக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தேன்.

தேநீர் கொடுத்ததில் என்ன பிழை என்று வெளியூரார் கேட்பார்கள். எங்கள் பக்கத்தில் வெங்காயம் வாங்க வீட்டுக்கு வருகிற தரகருக்கு முதலில் தண்ணீர் மட்டும்தான் கொடுப்போம். விலை பேசி முடிந்த பிறகே தேநீர். தேநீர் வந்துவிட்டால், அவர் கடைசியாகச் சொன்ன விலைக்கு வீட்டார் சம்மதித்துவிட்டார்கள் என்று பொருள். அதற்குக் கையெழுத்துக் கிடையாது, சாட்சி கிடையாது. ஆனால் தேநீர் கொடுத்த பிறகு சொல் மாறிய வீட்டின் படலையை அடுத்த போகத்தில் எந்தத் தரகரும் திறக்கமாட்டார். அன்றைக்கு மேசையில் இரண்டு பாத்திரங்கள் இருந்தன. தரகரின் முன்னால் ஆவி பறக்கிற தேநீர். அதற்கு எதிரே, நீல விளிம்பு வைத்த ஒரு வெள்ளை எனாமல் கோப்பை, வாய்முட்டத் தண்ணீருடன். அது என் மூத்த மகளின் கோப்பை. அவள் அந்த நேரம் வீட்டில் இல்லை.

அந்த எனாமல் கோப்பை இப்போதும் என் முன்னால் இருக்கிறது. விளிம்பில் இரண்டு இடத்தில் பூச்சுக் கழன்று கறுத்துப்போயிற்று. தீவை விட்டு வந்து ஐந்து வருஷமாகிறது. மானிப்பாயில் ஒருவருடைய வீட்டில் இரண்டு அறைகளில் இருக்கிறோம். மூத்தவள் விதை வெங்காயம் கொண்டுவருவதற்காக நீரேரி தாண்டிக் கிளிநொச்சிப் பக்கம் போனாள். மூன்று நாளில் வருவேன் என்றாள். இன்றைக்கு ஆறாவது நாள். அவளுக்கு முப்பத்தொரு வயது. கடற்படைக்குத் தப்பி இரவில் வள்ளமேறுகிற இந்த வழியால் எத்தனையோ தரம் போய்வந்தவள். என்றாலும் படலை அசைகிற சத்தம் கேட்டால் என் கை நடுங்குகிறது. சும்மா இருந்து நடுங்குவதைவிட அவளைப் பற்றி எழுதலாம் என்று கொப்பியை எடுத்தேன்.

எங்கள் வீட்டில் வியாபாரம் தெரிந்தவர் என் கணவர். தென்பகுதிச் சிறு நகரம் ஒன்றில் இருபது வருஷம் கடை வைத்திருந்தார். எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்தில் உடுத்த உடுப்போடு திரும்பி வந்தார். வந்த பிறகு அவரால் ஒரு முடிவும் எடுக்க முடியவில்லை. கத்தரிக்காய் வாங்கவா பூசணிக்காய் வாங்கவா என்று கேட்டாலே முகம் வெளிறும். சாய்மனைக் கதிரையில் இருந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். என் சம்பளமும் ஒரு துண்டுத் தோட்டமும்தான் மிச்சம். மூத்தவள் அப்போது உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு இருந்தாள். ஆவணியில் கிண்டிய வெங்காயத்தைப் பிடிபிடியாகக் கட்டிக் கொட்டிலின் கூரை வளையில் தொங்கவிட்டு, கார்த்திகை நடுகைக்கு விதையாக விற்றால் கூடிய விலை கிடைக்கும் என்று அவள்தான் சொன்னாள். ஊரில் எல்லோருக்கும் அது தெரியும். மூன்று மாதம் பொறுத்திருக்கத்தான் எவருக்கும் மனம் வராது. மழை பெய்தால் அழுகும், வழி அடைபட்டால் வாங்க ஆள் வராது என்ற பயத்தில் முக்கால்வாசிப் பேர் ஐப்பசிக்கு முன்னமே கொடுத்துவிடுவார்கள்.

முதல் வருஷம் அவளும் அப்படித்தான் கொடுத்தாள். பஸ் நிலையத்தில் யாரோ, தீவை யாழ்ப்பாணத்தோடு இணைக்கிற பண்ணைப் பாலத்தால் இனிமேல் போக்குவரத்து இல்லை என்றார்களாம். அவள் வீட்டுக்கு ஓடிவந்து, ஒரு மணித்தியாலத்துக்குள் தரகரைக் கூப்பிட்டு, முழுவதையும் கொடுத்துவிட்டாள். பாலம் அடுத்த நாளும் திறந்துதான் இருந்தது. பத்து நாளில் விதை வெங்காயத்தின் விலை இரட்டித்தது. நான் அவளை ஏசத் தயாராக இருந்தேன். அவளோ அழாமல் யோசித்துக்கொண்டிருந்தாள்.

"கதையைக் கேட்ட உடன என்ர வாய் காய்ஞ்சு போச்சு அம்மா. முழங்கால் ஆடினது. நான் யோசிச்சு விக்கேல்லை. தலைக்கு ஒண்டும் விளங்க முந்தியே உடம்பு வித்துப்போட்டுது" என்றாள்.

அதற்குப் பிறகுதான் அந்தக் கூத்துகள் தொடங்கின. மார்கழிப் பனியில் விடிய எழும்பிக் கிணற்றடியில் நாற்பது வாளி எண்ணித் தலையில் ஊற்றுவாள். குளிர் தாங்காமல் அவசரப்பட்டால் திரும்பவும் ஒன்றிலிருந்து தொடங்குவாள். சோளகக் காற்று எழும்பிய மாதங்களில் சைக்கிள் கரியரில் அரைச் சாக்கு மண்ணைக் கட்டிக்கொண்டு, காற்றுக்கு எதிரே அல்லைப்பிட்டிப் பக்கம் போய் வருவாள். காற்று முகத்தில் அடிக்கும்போது கோபம் வந்து மிதித்தால் அரைக் கட்டைத் தூரத்தில் களைத்துப் போவாளாம். ஒரு மிதி, பிறகு அடுத்த மிதி என்று போனால் சேரலாமாம். வெள்ளிக்கிழமைகளில் பொழுதுபடும்வரை தண்ணீரும் குடிப்பதில்லை. நல்ல மாப்பிள்ளை வேண்டி விரதம் பிடிக்கிறாள் என்று நான் உள்ளுக்குள் மகிழ்ந்து, பின்வளவு அக்காவிடமும் அதைச் சொல்லிவிட்டேன். அவ ஊர் முழுக்கச் சொன்னா. பெண்கள் கிணற்றடியில் இவளைக் கண்டால், "என்ன பிள்ளை, மாப்பிள்ளை எவ்வளவு தூரத்தில வாறார்? அல்லைப்பிட்டிக்குக் கிட்ட வந்திட்டாரோ?" என்று பகிடி பண்ணுவார்கள். அவள் சிரித்துக்கொண்டே வாளியை இறக்குவாள்.

எனாமல் கோப்பை அந்த நாள்களில்தான் வந்தது. விரதத்தன்று அதில் தண்ணீரை நிறைத்து மேசையில் தன் கண்ணுக்கு முன்னால் வைப்பாள். அதை எடுத்து உள்ளே வையடி, பார்க்கப் பார்க்கத்தானே விடாய்க்கும் என்றேன். "இல்லாத தண்ணியைப் பொறுக்கிறது என்ன கெட்டித்தனம் அம்மா? கைக்கெட்டின தூரத்தில இருக்கவேணும். குடி, குடி எண்டு உடம்பு கத்தும். வில்லு, வில்லு எண்டு கத்தினதும் இதே குரல்தான். இதைப் பழகவேணும்" என்றாள். நான் கணிதம் படிப்பித்தவள். இதை எந்தச் சூத்திரத்தில் சேர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை. பெண்பிள்ளைக்கு மூளை பிசகிவிட்டதோ என்று கோயிலில் அருச்சனை செய்தேன்.

சாட்டிக் கடற்கரைக்கு அவள் என்னையும் இழுத்துக்கொண்டு போனது பங்குனி வெயிலில். நண்பகலில் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, இரண்டு கிலோப் படிக்கல்லை வலது கையில் பிடித்து, கையைத் தோள் மட்டத்துக்கு நீட்டிக்கொண்டு நிற்பாள். நான் கரையில் தாழைநிழலில் நின்று மனக்கணக்குக் கேட்க வேண்டும். அதுதான் என் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் யாழ்ப்பாணத்திலிருந்து சோற்றுப் பார்சல்களுடன் குளிக்க வந்த சனம் எங்களைச் சுற்றி நின்று பார்க்கும். ஒருமுறை என்னைத் தெரிந்த ஒருவர், "என்ன ரீச்சர், பள்ளிக்கூடத்தில கதிரை மேசை முடிஞ்சுதோ? பிள்ளையைக் கடலுக்கை நிப்பாட்டிப் படிப்பிக்கிறியள்!" என்று சத்தமாகக் கேட்டார். எனக்கு உடம்பு கூசியது. மூத்தவள் திரும்பியும் பார்க்கவில்லை.

முதல் நாள் பதினேழைப் பதின்மூன்றால் பெருக்கச் சொன்னேன். உடனே, "இருநூற்றுப் பதினொண்டு" என்றாள். பிழை. வீட்டில் பாய் விரித்துக்கொண்டே சரியாகச் சொல்லக்கூடிய கணக்கு. கை வலித்தது, தோள் எரிந்தது. ஏதோ ஒரு விடையைச் சொல்லிக் கையை இறக்க அவசரம். அடுத்தடுத்த கிழமைகளிலும் அதே பிழைகள். சித்திரை முடிகிற நேரம் ஒரு மாற்றத்தைக் கண்டேன். அவள் விடை சொல்லப் பிந்தினாள். நான் கணக்கைக் கேட்டதும், "கொஞ்சம் பொறுங்கோ அம்மா" என்பாள். நீட்டிய கை பனையோலை போல நடுங்கிக்கொண்டிருக்கும். முகம் மட்டும் வகுப்பறையில் முன்வாங்கில் இருக்கிற பிள்ளையுடைய முகமாக இருக்கும். பிறகு சரியான விடை வரும். கெதியாகச் சொல்கிற பிள்ளைகளைத்தான் நான் இருபது வருஷமாகக் கெட்டிக்காரர் என்று மெச்சி வந்தேன். பிந்திச் சொன்ன ஒரு பிள்ளையைப் பார்த்து நெஞ்சு நிறைந்தது அன்றைக்குத்தான்.

அதே கடலில்தான் ஒரு நாள் அவளுடைய பாதத்தைச் சிப்பி வெட்டியது. தண்ணீர் கலங்கிச் சிவந்ததைக் கண்டு நான் கத்தியும் அவள் கரைக்கு வரவில்லை. கணக்கு முடியட்டும் என்று நின்றாள். சேலையோடு இறங்கி இழுத்துக்கொண்டு வந்து முதுகில் ஓர் அடி போட்டேன். அந்தக் காயத்தின் பாடத்தை அவள் இரண்டாம் வருஷத்து வெங்காயத்தில்தான் படித்தாள். அந்த வருஷம் எந்தக் கதைக்கும் மசியாமல் பொறுத்தாள். அளவுக்கு மிஞ்சிப் பொறுத்தாள். கொட்டிலின் வடக்கு மூலையில் கூரை ஒழுகி, அங்கு தொங்கிய பிடிகள் மணக்கத் தொடங்கியபோதும், விற்கச் சொல்வது தன் பயம்தான் என்று நினைத்து அடக்கிக்கொண்டு இருந்தாள். எங்கள் வெங்காயத்தில் மூன்றில் ஒரு பங்கு அழுகிக் குப்பைக்குப் போனது. அழுகியதை அள்ளிய அன்று பின்னேரம் தன் காலிலிருந்த தழும்பைத் தடவிக்கொண்டு, "சிப்பி வெட்டினாப் பிறகும் நிண்டது விசர்தானே அம்மா. நான் அதையும் பொறுமை எண்டு நினைச்சிட்டன்" என்றாள். அன்று முதல் ஒரு வழக்கம் வைத்தாள். காலையில் எழும்பியதும் கொட்டிலுக்குள் போய் ஒவ்வொரு பிடிக்குள்ளும் மூக்கை வைத்து மணந்து பார்ப்பாள். மணம் வந்தால் அன்றைக்கே விற்பது. பயம் வந்தால் விற்பதில்லை. இவ்வளவுதான் அவளுடைய வியாபாரச் சட்டம்.

மூன்றாம் வருஷம், எண்பத்தாறில், ஆறு வீட்டார் தங்களுடைய விதை வெங்காயத்தையும் அவளிடம் கொடுத்தார்கள். எங்கள் கொட்டில் உயரமும் காற்றோட்டமும் உள்ளது. அதோடு இவள் எதற்கும் பதறாதவள் என்ற பேரும் வந்துவிட்டது. ஒவ்வொரு வீட்டுப் பிடிக்கும் ஒவ்வொரு நிறச் சீலைத்துண்டு கட்டினாள். எங்களுக்கு வெள்ளை. பின்வளவு அக்காவுக்குச் சிவப்பு. அக்காவின் கணவர் பனையால் விழுந்து படுக்கையில் கிடந்தார். அந்தச் சிவப்புப் பிடிகளை விட்டால் அடுத்த போகத்துக்கு எருவுக்கும் வழியில்லை, வருஷச் சாப்பாட்டுக்கும் வழியில்லை. மற்ற ஐந்து வீடுகளும் ஏறக்குறைய அப்படித்தான். வளையைப் பார்த்தால் எனக்கு வெங்காயம் தெரியாது, ஆறு வீட்டு அடுப்புகள் தலைக்கு மேலே தொங்குவதுபோல இருக்கும்.

அந்தத் திங்கட்கிழமைக்கு முதல் நாள் கதை வந்தது. பண்ணை வழி ஏற்கெனவே அடைபட்டிருந்தது. மறுகரையில் இருக்கிற அராலிக்குப் போகிற வள்ளங்களும் இரண்டு நாளில் நின்றுவிடும் என்றார்கள். வெள்ளிக்கிழமை இல்லாவிட்டாலும் கோப்பையை நிறைத்து மேசையில் வைத்துவிட்டு, உண்மையை அறிந்துவர மூத்தவள் காலையிலேயே துறைக்குச் சைக்கிளில் போய்விட்டாள். அவள் போன பிறகு தரகர் பெட்டி பூட்டிய லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் வந்து இறங்கினார். கெட்ட மனிதர் இல்லை. பத்து வருஷமாக எங்கள் ஊருக்கு வருகிறவர். நான் தண்ணீர் கொடுத்தேன். ஐப்பசி விலையிலும் குறைவான ஒரு விலையைச் சொன்னார். "நாளைக்குப் பிறகு வள்ளம் இல்லையெண்டால் இந்த மழைக்கை இதை வைச்சு என்ன செய்யப்போறியள் ரீச்சர்? குப்பைக்குத்தான் போகும். நான் பிள்ளையை நினைச்சுச் சொல்லுறன்" என்றார். கூரையில் மழை இரைந்தது. என் வாய் காய்ந்தது. குசினிக்குள் போய்க் கேத்திலை வைத்தேன்.

மழையில் நனைந்து வந்த மனிதருக்கு மரியாதைக்காக ஊற்றிக் கொடுத்தேன், யோசிக்கவில்லை என்றுதான் இத்தனை வருஷமும் எல்லோருக்கும் சொல்லி வந்திருக்கிறேன். அது பொய். எனக்கு வழக்கம் தெரியும். சீனி போட்டுக் கலக்கும்போது, இதோடு இந்தப் பயம் முடிந்துவிடும் என்று நினைத்துக்கொண்டுதான் கலக்கினேன். கடலில் பிள்ளையை நிறுத்திக் கணக்குக் கேட்ட தாய், தன் முறை வந்தபோது ஒரு கேத்தில் கொதிக்கிற நேரம் பொறுக்கவில்லை.

பத்து மணிக்கு மூத்தவள் நனைந்து ஒட்டிய உடுப்போடு வந்தாள். மேசையில் இருந்த தேநீர்க் கோப்பையைப் பார்த்தாள். பிறகு என்னை ஒருமுறை பார்த்தாள். "அம்மா தேத்தண்ணி தந்திட்டா பிள்ளை. நானும் குடிச்சிட்டன். சாக்கை இறக்கட்டே?" என்று தரகர் எழும்பினார்.

"கொஞ்சம் பொறுங்கோ அண்ணை" என்று அவள் கதிரையில் இருந்தாள். தன் எனாமல் கோப்பையை முன்னால் இழுத்து வைத்தாள். குடிக்கவில்லை. தலைமயிரிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஒரு நிமிஷம் இருக்கும். கடலில் நின்ற அதே முகத்தை நான் கண்டேன். பிறகு கேட்டாள்:

"சீனி போதுமா இருந்ததோ அண்ணை?"

"ஓம் பிள்ளை, நல்ல தேத்தண்ணி."

"அப்ப அம்மாவின்ர சொல்லு சொல்லுத்தான். வெள்ளைச் சீலை கட்டின பிடி முழுக்க எங்கட. நீங்கள் சொன்ன விலைக்கே ஏத்துங்கோ. மற்ற ஆறு நிறமும் ஆறு வீட்டாற்றை. அதுக்கு நீங்கள் அந்தந்த வீட்டில போய்த்தான் தேத்தண்ணி குடிக்கவேணும்."

தரகர் விழுந்து விழுந்து சிரித்தார். "ரீச்சரின்ர மகளெண்டு வந்தன். இது கோட்டில வாதாடுற அப்புக்காத்தின்ர மகள்!" என்றார். எங்கள் வருஷ உழைப்பு முழுவதும் மலிவு விலையில் லான்ட்மாஸ்டரில் ஏறியது. என் பிழையின் விலையை அவள் எங்களோடு நிறுத்திவிட்டாள். ஒரு சொல்லும் எனக்கு ஏசவில்லை. அது ஏச்சிலும் பார்க்கச் சுட்டது.

ஆனால் பிழை படலைக்குள் நிற்கவில்லை. ரீச்சர் வீடே வெங்காயத்தை விற்றுவிட்டதாம் என்ற பேச்சு ஒழுங்கையால் ஓட, ஆறு வீட்டாரும் சாக்குகளோடு வந்து கொட்டில் வாசலில் நின்றார்கள். தரகரும் போகவில்லை. லான்ட்மாஸ்டரில் இன்னும் இடமிருந்தது. விறாந்தையில் சாய்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். பின்வளவு அக்காதான் முதலில் வாய் திறந்தா. "பிள்ளை, உம்மட விரதத்தை நீர் பிடியும். எனக்கு அது ஏலாது. என்ர வெங்காயத்தைத் தாரும்."

"வள்ளம் நாளைப் பின்னேரத்தோட நிக்கிறது உண்மைதான் அக்கா" என்றாள் மூத்தவள். ஒருவர் சாக்கை உதறி விரித்தார். நான் என்றால் அதை மறைத்திருப்பேன். அவள் தொடர்ந்து சொன்னாள்: "வழி அடைபடுகுதெண்டால் விக்கிற எங்களுக்கு மட்டுமே அவசரம்? அங்காலை அராலிக் கரையில தோட்டம் கொத்தி வைச்சிருக்கிறவைக்கும் அவசரம்தானே. அவையின்ர கொட்டிலுக்கை வெள்ளம் ஏறி விதை பழுதாப் போச்செண்டு தோணிக்காரர் சொல்லுகினம். இஞ்சை விதை இருக்கெண்டு நான் சொல்லிவிட்டனான். நாலு மணிமட்டும் பொறுங்கோ. ஒருத்தரும் வராட்டில் நானே சாக்கில கட்டித் தாறன். அதுக்கு முதல் உள்ள வந்து மணந்து பாருங்கோ."

அவர்கள் மணந்து பார்த்தார்கள். அப்போது நான் எதிர்பாராத ஒன்று நடந்தது. என் கணவர் சாய்மனைக் கதிரையை விட்டு எழும்பினார். கொட்டிலுக்குள் போய், ஒரு மூலையும் விடாமல் பிடி பிடியாக மூக்கை வைத்துப் பார்த்துக்கொண்டு வந்தார். அரை மணித்தியாலம் எடுத்தது. வாசலில் வந்து நின்று, "மணம் இல்லை" என்றார். மூன்று வருஷத்தில் வியாபாரத்தைப் பற்றி அவர் சொன்ன முதல் வார்த்தை அது.

இருந்தாலும் இரண்டு மணிக்கு மழை இன்னும் இறுகியபோது, பச்சைச் சீலை வீட்டுக்காரர் தங்களுடையதைக் கேட்டார்கள். அவள் எழும்பிப் போய்த் தானே இறக்கி, தானே கட்டிக் கொடுத்துவிட்டு வந்து அதே கதிரையில் இருந்தாள். ஈர உடுப்பை மாற்றவில்லை. சோறு வேண்டாம் என்றாள். கோப்பைத் தண்ணீரில் யன்னல் வழியே வந்த வெளிச்சம் ஆடிக்கொண்டிருந்தது. மூன்று மணிக்கு அவளுடைய உதடு வெடித்திருந்ததைக் கண்டேன். மேசைக்குக் கீழே முழங்கால் ஆடியது. அவளுக்குப் பயமில்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். என்னைப் போலவே பயந்துகொண்டுதான் இருந்தாள். பயம் அவளுடைய முழங்காலோடு நின்றது. எனக்கு அது கேத்தில்வரை போனது. எங்கள் இரண்டு பேருக்கும் இடையில் இருந்த வித்தியாசம் நாற்பது வாளித் தண்ணீரும் சாட்டிக் கடலும்தான்.

நாலு மணிக்கு இருபது நிமிஷம் இருக்கும்போது படலையில் சைக்கிள் மணிகள் கேட்டன. அக்கரைத் தோட்டக்காரர் ஐந்து பேர், தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு, முழங்கால்வரை சேறு. மூத்தவராகத் தெரிந்தவர் விறாந்தைத் தூணைப் பிடித்து மூச்சு வாங்கினார். "பிள்ளை, முதல்ல குடிக்கத் தண்ணி தாரும். பிறகு விதை முடிஞ்சுதெண்டு மட்டும் சொல்லிப்போடாதையும்" என்றார்.

அவள் தன் முன்னால் இருந்த எனாமல் கோப்பையை எடுத்து இரண்டு கையாலும் அவரிடம் நீட்டினாள். காலையிலிருந்து அவள் தொடாத தண்ணீரை அவர் ஒரே மூச்சில் குடித்தார். பிறகு விலைப்பேச்சுத் தொடங்கியது. "கொஞ்சம் பொறுங்கோ ஐயா" என்று அவள் இரண்டு தரம் சொன்னது கேட்டது. தரகர் வெற்றிலையைத் துப்பிவிட்டு எழும்பி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் மூத்தவள் குசினிப் பக்கம் திரும்பினாள். "அம்மா, இப்ப ஊத்துங்கோ" என்றாள். ஐந்து பேருக்கும் ஊற்றினேன். பாதி தட்டில் சிந்தியது. பின்வளவு அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உம்மட விரதம் பலிச்சிட்டுது பிள்ளை. மாப்பிள்ளை கேட்டால் ஐஞ்சு பேரெல்லே வந்து நிக்கினம்!" என்றா. அந்தக் கொட்டில் அவ்வளவு சிரித்ததை நான் பிறகு கேட்கவில்லை.

அந்த வருஷம் எங்கள் தோட்டத்தில் நடுவதற்கு எங்களிடமே விதை இல்லை. மூன்றாம் நாள் காலையில் விறாந்தையில் இரண்டு கைநிறைய வெங்காயப் பிடிகள் கிடந்தன. சிவப்புச் சீலை கட்டியிருந்தது.

நாலு வருஷத்துக்குப் பிறகு, சண்டை தீவுக்குள் வந்தபோது, அந்தக் கொட்டில், தோட்டம், மணிக்கூடு எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தோம். புறப்பட ஐந்து நிமிஷம்தான் இருந்தது. என் கை தானாக அலுமாரிக்குப் போய் நகையைத் தேடியது. அவள் இந்தக் கோப்பையை எடுத்துப் பைக்குள் போட்டாள். வழியில் எல்லோருக்கும் தண்ணீர் வேண்டியிருக்கும் என்றாள். வேண்டித்தான் இருந்தது. என் மகள் படித்து வைத்தியராகவில்லை, இஞ்சினியராகவில்லை. கூட்டங்களில் மற்றத் தாய்மார் தங்கள் பிள்ளைகளைப் பற்றிச் சொல்லும்போது நான் முன்பு பேசாமல் இருப்பேன். இப்போது சொல்கிறேன்: என் மகள் வியாபாரம் செய்கிறாள், அவளுடைய கையைப் பார்த்து மற்றவர்கள் தங்கள் நடுக்கத்தை நிறுத்துகிறார்கள்.

இதுவரை நேற்று எழுதியது. ஆறு நாளும் காலையில் இந்தக் கோப்பையில் தண்ணீரை நிறைத்து மேசையில் வைத்து, பின்னேரம் பூக்கன்றுக்கு ஊற்றி வந்தேன். நானும் குடிக்காமல் இருந்து பார்த்தேன். என்னால் பதினொரு மணிவரைதான் முடிகிறது. ஐம்பத்தைந்து வயதில் அதுவும் பரவாயில்லை. இன்று காலை பத்து மணிக்குப் படலை அசைந்தது. ஓடவில்லை. கொஞ்சம் பொறுத்து, நடந்து போனேன். முன்பின் தெரியாத, நடுத்தர வயதுக்காரர் ஒருவர் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். வெயிலில் முகம் கறுத்திருந்தது. உள்ளே கூப்பிட்டு, எனாமல் கோப்பையை அவர் கையில் கொடுத்தேன். குடித்து முடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"ரீச்சர் நீங்கள்தானே? மகள் சுகமா இருக்கிறா. இன்னும் ரண்டு நாள் செல்லுமாம். விலை முடியேல்லையாம், தேத்தண்ணி ஊத்த வேண்டாமாம். அப்பிடிச் சொன்னால் அம்மாவுக்கு விளங்குமெண்டவ."